கைத்தறி விரிப்புகளும் அவற்றைப் பேணிய வீடுகளும்

"ஜமக்காளத்தில் வடிகட்டிய பொய்" என்று நம் நாட்டில் ஒரு வழக்கு உண்டு. கலப்பே இல்லாத முழுப் பொய் என்பது அதன் கருத்து. வடிகட்டுவதற்கு மெல்லிய வேட்டித் துணி போதும். அவ்வாறிருக்க, இந்த வழக்கை ஆக்கியவர் ஏன் ஜமக்காளத்தைத் தேடிச் சென்றார்? ஜமக்காளத்தின் நெசவு அவ்வளவு நெருக்கமானது. அதன் வழியே ஒரு பொருள் இறங்குமானால், அதில் தூசு துரும்பு எதுவும் எஞ்சியிருக்க வழியில்லை. அந்தத் துணியைக் கையால் தொட்டு, உதறி, துவைத்துப் பழகிய ஒருவரே இவ்வாறு சொல்லியிருக்க முடியும்.

மாணவ நண்பர்களே! இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், கையால் நெய்த விரிப்புகளின் வரலாறும், அவற்றை நம் வீடுகள் தூய்மையாகக் காத்துவந்த முறையும் ஆகும். திண்டுக்கல்லின் வரலாறு என்றால் உங்கள் கண்முன் நிற்பது மலைக்கோட்டை. நாயக்கர் எழுப்பிய அந்தக் கோட்டைக்கு 1755இல் ஐதர் அலி தளபதியாக வந்தார். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை ஆங்கிலக் கம்பெனியின் வசமாயிற்று. இவற்றைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். ஆனால் அந்தப் பாறையின் அடிவாரத்தில் வாழ்ந்த மக்களின் வீட்டுத் தரைக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் ஆவணம் கல்லிலும் செப்பேட்டிலும் இல்லை. அது பரண்மேல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

நெசவு நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் துணிக்கடைத் தெருவை வருணிக்கிறது. பருத்தி நூலாலும் மயிராலும் பட்டு நூலாலும் நெய்யப்பட்ட துணிகள் அங்கே நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருந்தன என்று இளங்கோவடிகள் கூறுகிறார். மயிர் என்பது இங்கே விலங்கின் உரோமம். மதுரை நம் திண்டுக்கல்லுக்கு அண்டை நகரம். ஆயினும் அந்தக் காலத்துத் துணியில் ஒரு முழம்கூட இன்று நம் கையில் இல்லை. காரணம் வெளிப்படை. வெப்பமும் ஈரமும் மாறிமாறி வரும் நாட்டில், கறையானுக்கும் பூஞ்சைக்கும் தப்பித் துணி நெடுங்காலம் நிற்பதில்லை.

துணி எவ்வாறு நிற்கும் என்பதற்கு உலகத்திலிருந்து இரண்டு சான்றுகள் தருகிறேன். சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில் பாசிரிக் என்னும் இடத்தில், 1949இல் உருசிய ஆய்வாளர் ருதென்கோ ஒரு கல்லறையைத் திறந்தார். உள்ளே உறைபனியில் ஒரு கம்பளம் கிடந்தது. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முற்பட்டது அது. உலகில் இன்றுள்ள முடிச்சுக் கம்பளங்களில் மிகப் பழமையானதாக மதிக்கப்படும் அது, இப்போது செயின்ட் பீட்டர்சுபர்க் நகரின் எர்மிட்டாச் அருங்காட்சியகத்தில் உள்ளது. மற்றொரு சான்று சப்பானிலிருந்து. கியோட்டோ நகரின் கியோன் திருவிழாத் தேர்களை அலங்கரிக்கும் பழங்கம்பளங்களில், நம் தக்காணத்தில் நெய்யப்பட்டுக் கடல் கடந்து சென்றவையும் இருக்கின்றன. அவை பிறந்த நாட்டிலே அத்தகையவை அரிதாகிவிட்டன. அங்கே அவை ஆண்டுக்கொரு முறை வெளியே எடுக்கப்பட்டு, விழா முடிந்ததும் முறைப்படி காக்கப்பட்டன. எனவே வாழ்கின்றன. முதற் கம்பளத்தைக் காத்தது பனிக்கட்டி; இரண்டாவதைக் காத்தது மனிதரின் கை. நமக்குப் பனிக்கட்டி இல்லை. நாம் நம்ப வேண்டியது கையைத்தான்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். திண்டுக்கல் சமவெளியின் வீடுகளில் அன்றாடம் விரித்தது கோரைப்பாய். குளிருக்கும் மழைக்கும் உதவியது கம்பளி. செம்மறியாடு வளர்த்த குறும்பர் அதன் மயிரை நூற்று, பாவு நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை ஏற்றி, முரட்டுக் கம்பளியாக நெய்தனர். முடிச்சுப் போட்டு நெய்யும் ரத்தினக் கம்பளம் செல்வர் வீட்டுப் பொருள். நடுத்தரக் குடும்பத்தின் வாசலை அது மிதித்ததில்லை. இந்த மூன்றுக்கும் இடையே நின்று, ஏழைக்கும் செல்வருக்கும் பொதுவாக இருந்தது ஜமக்காளம். கன்னடத்திலும் தெலுங்கிலும் மராத்தியிலும் சற்றே திரிந்த வடிவில் இதே பெயர் வழங்குகிறது.

தமிழ்நாட்டில் ஜமக்காளம் என்றவுடன் நினைவுக்கு வருவது, காவிரியும் பவானியும் கூடுகிற பவானி நகரம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஆலைத் துணி நம் சந்தைகளை நிரப்பியது. மெல்லிய துணி நெய்தவர்கள் அதனுடன் போட்டியிட இயலாது தவித்தனர். அந்தச் சூழ்நிலையில் பவானியில் வாழ்ந்த சங்கமர் என்னும் நெசவாளர் வகுப்பினர், தடித்த வண்ண நூலைக்கொண்டு ஆலைக்கு எட்டாத ஒரு விரிப்பை நெய்தனர் என்று கூறப்படுகிறது. அதுவே பவானி ஜமக்காளம். அகலக் கோடுகள் மாறிமாறி வரும் பருத்தி வகை ஒன்று. செயற்கைப் பட்டு நூலால் கரையில் பூவேலை செய்த மெல்லிய வகை மற்றொன்று. குழித்தறியில் அமர்ந்து நெய்வது மரபு. அகலமான விரிப்புக்கு ஒரே தறியில் இருவர் அமர்வதும் உண்டு.

அதன் அமைப்பைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். பாவு நூல் வெளியே தெரியாதவாறு ஊடை நூல் அதனை மூடி நெருங்கி நிற்கும். முடிச்சும் இல்லை, எழும்பி நிற்கும் மயிரும் இல்லை. ஆகவே அதற்கு உள்புறம், வெளிப்புறம் என்ற வேறுபாடு பெரும்பாலும் இல்லை, இருபுறமும் ஒன்றே. நான் பின்னர்ச் சொல்லப்போகும் பராமரிப்பு முறைகள் பலவற்றுக்கு இந்த அமைப்பே அடிப்படை.

திண்டுக்கல்லைச் சூழ்ந்த பகுதியிலும் நெசவு சிறந்ததே. சின்னாளப்பட்டித் தறிகள் சேலைக்குப் புகழ்பெற்றவை. 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் அதன் அருகே தொடங்கிய காந்திகிராமம் கதரையும் கிராமத் தொழில்களையும் வளர்த்தது. ஆனால் ஜமக்காளம் வெளியூரிலிருந்து வர வேண்டிய பொருள். 1875இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு இருப்புப்பாதை அமைந்தது. அதன்பின் கொங்கு நாட்டுச் சரக்கு இங்கே வருவது எளிதாயிற்று. தொலைவிலிருந்து பணம் கொடுத்து வாங்கிய பொருளாதலால் அதற்கு வீட்டில் தனி மதிப்பு இருந்தது. திருமணப் பேச்சு, பஞ்சாயத்து, பஜனை, துக்கம் விசாரித்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் அது விரிக்கப்பட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டின் ஜமக்காளம் ஒரு தெருவுக்கே பொதுவாக இருந்ததை நான் கண்டிருக்கிறேன். இரவல் வாங்கியவர் அதனை உதறி, வெயில் காட்டி, சுருட்டித் திருப்பிக் கொடுப்பது எழுதாத சட்டம். சாதி வேற்றுமை மிகுந்திருந்த அந்நாளில் எல்லாரும் அதில் சமமாக அமரவில்லை என்பதையும் வரலாறு மறைக்கக்கூடாது. யார் விரிப்பின்மேல் அமரலாம், யார் வெறுந்தரையில் நிற்க வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சமூகக் கணக்கு. ஒரே ஜமக்காளத்தில் எல்லாரும் அமர்ந்த நாள், அது நெய்யப்பட்ட நாளைவிடப் பெரிய நாள்.

விரிப்பின் முதற் பகைவன் தூசு. திண்டுக்கல் சமவெளியின் மேற்கே பழனி மலைத்தொடரும் கிழக்கே சிறுமலையும் நிற்கின்றன. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் காற்று, காய்ந்த வயல்களின் புழுதியை அள்ளிக்கொண்டு வீசும். அந்தப் புழுதியில் நுண்மணல் உண்டு. நெருங்கிய நெசவினூடே மணல் இறங்கித் தங்கிவிடும். மேலே ஒருவர் நடக்கும்போதெல்லாம் அந்த மணல், நூலின்மேல் அரம்போல் உராயும். விரிப்பு கால்பட்டுத் தேய்கிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அதைத் தேய்ப்பது பெரும்பாலும் உள்ளே தங்கிய மணலே. எனவேதான் துவைப்பதைவிட உதறுவது முதன்மையானது. வாரம் ஒரு முறை இருவர் நான்கு முனைகளையும் பற்றி உதறுவது, மாதம் ஒரு முறை கொடியில் போட்டுப் பிரம்பால் மெல்லத் தட்டுவது, அவ்வப்போது புறம் மாற்றி விரிப்பது ஆகிய மூன்றையும் பழைய வீடுகள் வழுவாது செய்தன. முடிச்சுக் கம்பளமாயின் பின்புறத்திலிருந்து தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் முடிச்சு தளரும்.

அடுத்தது துவைத்தல். இதற்கென்று நம் நாட்டில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. சலவைத் தொழிலாளர் உவர்மண்ணைப் பயன்படுத்தினர். அதிலுள்ள காரம் பருத்தியின் அழுக்கை நீக்கும்; வெள்ளாவியில் வைத்த துணி வெளுக்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் வீடுகளில் பூந்திக்கொட்டை பயன்பட்டது. 1888இல் சன்லைட் சவர்க்காரம் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. கட்டிச் சவர்க்காரம் சிறிது சிறிதாக நம் சிற்றூர்கள் வரை பரவியது. 1959இல் சர்ஃப் என்னும் சலவைத்தூள் விற்பனைக்கு வந்தபின், வாளியில் நுரை பொங்கத் துவைப்பது நாகரிகமாயிற்று.

இந்த மாற்றத்தில் ஒரு வேதியியல் உண்மை மறந்துபோயிற்று. பருத்தி செல்லுலோசு என்னும் பொருளால் ஆனது; அது காரத்தைத் தாங்கும். ஆட்டு மயிர் புரதத்தால் ஆனது; காரம் அதனைக் கரைத்து வலுவிழக்கச் செய்யும். அன்றியும் ஆட்டு மயிரின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உள்ளன. வெந்நீரிலிட்டுக் கசக்கினால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கம்பளி சுருங்கிவிடும். எனவே ஜமக்காளத்துக்கு ஏற்ற முறை கம்பளிக்கு ஏற்றதன்று. கம்பளியைத் தண்ணீரிலும் பூந்திக்கொட்டைச் சாற்றிலும் அமிழ்த்தி, கசக்காமல் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். கொட்டையை உடைத்து விதை நீக்கி, இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் பிசைந்து வடிகட்டினால் சாறு கிடைக்கும். அதிலுள்ள சப்போனின் என்னும் பொருளே நுரைக்குக் காரணம். படிப்பறியாத பாட்டியார் பட்டுக்கும் கம்பளிக்கும் அதை ஒதுக்கிவைத்தது மூடப் பழக்கமன்று. அனுபவத்தில் கண்ட அறிவு.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் நீர் கடினமானது. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கலந்த நீரில் சவர்க்காரம் நுரைக்காது. மாறாக, ஒரு வெண்மையான கசடாகத் திரிந்து நூலிடையே ஒட்டிக்கொள்ளும். காய்ந்த விரிப்பு விறைத்து நிறம் மங்கித் தோன்றுவது இதனாலேதான். பூந்திக்கொட்டைக்கு இந்தக் குறை இல்லை. எனவே, மழைநீரைத் தொட்டியில் பிடித்துவைத்துக் கடைசி அலசலுக்குப் பயன்படுத்திய வீடுகள் உண்டு. பின்னாளில் நீரின் துன்பம் வேறு வகையில் பெருகியது. திண்டுக்கல்லைச் சுற்றியிருந்த தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நிலத்தடி நீரை உப்பாக்கியது. 1996இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகள் குறித்து அளித்த தீர்ப்பில், பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாகத் திண்டுக்கல்லும் குறிக்கப்பட்டது. குடிநீருக்கே ஆத்தூர் நீர்த்தேக்கத்தை எதிர்நோக்கும் நகரில் ஜமக்காளம் துவைக்க நீர் ஏது? ஆகவே நம் ஊருக்கு ஏற்ற விதி இது: அடிக்கடி உதறு, அரிதாகத் துவை.

துவைக்குமுன் சாயத்தைச் சோதிக்க வேண்டும். முன்னாளில் மதுரைப் பக்கத்துச் சாயத் தொழிலாளர் சாயவேரிலிருந்து சிவப்பையும், அவுரியிலிருந்து நீலத்தையும் பெற்றனர். 1856இல் பெர்க்கின் என்னும் ஆங்கில இளைஞர் செயற்கைச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு வயது 18. 1897இல் செயற்கை அவுரி செருமனியிலிருந்து விற்பனைக்கு வந்தது. தொடக்கக் காலத்து மலிவான செயற்கைச் சாயங்கள் பல, நீரிலும் ஒளியிலும் நிலைக்கவில்லை. இந்தியக் கம்பளங்களின் தரம் கெடுவதைக் குறித்து, 1880இல் வெளியான தம் நூலில் பேர்டுவுட் என்னும் அறிஞர் வருந்தி எழுதினார். இக்காலத்துச் சாயங்களில் உறுதியானவையும் உண்டு, ஓடுபவையும் உண்டு. ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, விரிப்பின் மூலையில் ஒவ்வொரு நிறத்தின்மீதும் சற்றுநேரம் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்த விரிப்பை நீரில் அமிழ்த்தக் கூடாது. அவசரத்தில் இதை விட்டுவிட்டால், சிவப்புக் கோடு வெள்ளைக் கோட்டில் இறங்கிவிடும். பிறகு அதைப் பிரிக்க எந்த மருந்தும் உதவாது.

நம் வீட்டுக் கறைகளும் நம் வாழ்க்கையின் வரலாறே. திருமண வீட்டில் மஞ்சளும் வெற்றிலைச் சாறும் சிந்தாமல் இருக்குமா? மஞ்சள் கறையின்மேல் சவர்க்காரத்தைத் தேய்த்தால் அது சிவக்கும். காரத்தில் மஞ்சளின் நிறப்பொருள் அவ்வாறு மாறுகிறது. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். நன்றாக அலசி வெயிலில் காட்டினால் மஞ்சள் மெல்ல மெல்ல மறையும். வெற்றிலைச் சாற்றின் சிவப்பு, பாக்கின் சத்தும் சுண்ணாம்பும் கூடிப் பிறந்தது. அதற்குச் சவர்க்காரம் துணைபோகும்; எலுமிச்சைச் சாறு அதனை அடக்கும். ஆனால் எலுமிச்சையையும் முதலில் மூலையில் சோதித்த பின்னரே பயன்படுத்துக. எண்ணெய் சிந்தினால் தேய்க்காமல், சுண்ணக்கட்டித் தூளையோ அரிசி மாவையோ தூவி, அது எண்ணெயை உறிஞ்சியபின் உதறிவிடுக. எந்தக் கறைக்கும் பொதுவான விதி ஒன்று: உடனே ஒற்றி எடு, ஒருபோதும் பரக்கத் தேய்க்காதே.

காயவைப்பதிலும் முறை உண்டு. நனைந்த ஜமக்காளம் மிகுந்த எடையுடையது. மெல்லிய கயிற்றில் தொங்கவிட்டால் தன் பாரத்தாலேயே இழுபட்டுக் கோணலாகும். பருமனான மூங்கிலின்மேலோ, தூய தரையிலோ பரப்ப வேண்டும். தை, மாசி மாதத்து இளவெயில் ஏற்றது. நம் மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிறது. அப்போது துவைத்தால் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வெயில் பூச்சிகளை ஓட்டும். ஆனால் நிறத்தையும் வெளுக்கச் செய்யும். இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், 1539-40ஆம் ஆண்டினதான அர்தபில் கம்பளம் இருக்கிறது. அதன் வண்ணம் மங்காதிருப்பதற்காக, ஒவ்வோர் அரைமணிக்கும் பத்து நிமிடம் மட்டுமே அதன்மேல் விளக்கேற்றும் முறையை அங்கே வகுத்தார்கள். நாம் அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. ஒரு காலைப் பொழுது வெயில் போதும். மாலைவரை மறந்து விட்டுவிடுவதுதான் தவறு.

காய்ந்தபின் மடிக்காமல் சுருட்டுக. மடிப்பு விழுந்த இடத்தில் நூல் முறியும். கம்பளியை அந்துப்பூச்சியின் புழு தின்னும். பருத்தியில் கஞ்சியோ பசையோ இருப்பின் வெள்ளிப்பூச்சி தேடி வரும். வேப்பிலைச் சருகும் வசம்பும் எங்கும் உள்ள காப்பு. எங்கள் சீமைக்கே உரிய காப்பு ஒன்று உண்டு; அது புகையிலை. திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரம் புகையிலைக்குப் பெயர்பெற்றது. அதன் காய்ந்த காம்பைத் துணியில் முடிந்து கம்பளிப் பெட்டியில் போட்டனர். அதிலுள்ள நிக்கோட்டின் பூச்சிக்கு நஞ்சு. பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டிய பொருள் அது என்பதையும் அறிந்தே, பெட்டிக்குத் திண்டுக்கல் பூட்டையும் போட்டனர்!

இவ்வளவையும் நான் எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. 1985இல் நாடாளுமன்றம் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தை இயற்றியது; அதன்கீழ் ஜமக்காளம் கைத்தறிக்கே ஒதுக்கப்பட்டது. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனினும் விசைத்தறியில் நெய்த போலிகள் மலிவாக வருகின்றன. நெகிழிப் பாய் அதைவிட மலிவு. முதிய நெசவாளர் தறியில் இருக்கிறார்; அவர் மகன் வேறு வேலைக்குச் செல்கிறான். சட்டம் ஒரு தொழிலுக்கு வேலி போடலாம். அந்த வேலிக்குள் பயிர் வாழ வேண்டுமாயின், வாங்குபவர் வேண்டும். "இதைத் துவைப்பது தொல்லை, யார் பேணுவது?" என்று வீட்டார் சொல்லும்போது, ஒரு தறி நிற்கிறது. பேணும் முறை மறந்த வீட்டில் கைத்தொழில் குடியிருக்க முடியாது. நெசவாளரின் பிழைப்பும் நம் வீட்டின் சிறிய பழக்கமும் ஒரே பாவில் ஓடும் இரண்டு இழைகள்.

மாணவர்களாகிய நீங்கள் செய்யக்கூடியது எளிது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய விரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது எப்போது, எங்கே, என்ன விலைக்கு வாங்கப்பட்டது, எந்தத் திருமணத்தில் விரிக்கப்பட்டது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி, நாளும் குறித்து வையுங்கள். பின்னர் அதனை உதறி, காலை வெயிலில் இரண்டு நாழிகை பரப்பி, புறம் மாற்றி விரியுங்கள். சுருட்டும்போது, எழுதிய அந்தத் தாளையும் உடன் வையுங்கள். வரலாற்று மாணவர் ஒருவர் தம் சொந்த வீட்டில் தொடங்கக்கூடிய முதற்பணி அது.